பழைய சாமான்களால் வீட்டை அழகு செய்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கின்றன. அங்கே போய் வந்தவர்களும், போகலாமா என்று யோசிப்பவர்களும் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். பழையது என்பதற்காக மட்டும் எதையும் வாங்கக் கூடாது, வீட்டில் அதற்கு ஒரு வேலை இருக்க வேண்டும் என்பது என் கட்சி. பதில்களில் அந்தச் சாய்வு தெரியும்.

எங்கிருந்து தொடங்குவது? முதலில் என்ன வாங்கலாம்?

முதலில் எதையும் வாங்காதீர்கள். ஊரில் பெரியவர்கள் வீடு இருந்தால் பரண் ஏறிப் பாருங்கள். உழக்கு, படி, மரக்கால், வெற்றிலைப் பெட்டி, பாக்குவெட்டி, பல்லாங்குழி, தூக்குவாளி என்று ஏதாவது ஒன்று தூசியோடு கிடக்கும். சாக்கில் கட்டிப் பழைய பாத்திரக்காரருக்கு எடைக்குப் போட எடுத்து வைத்தது என்றுகூடச் சொல்வார்கள். அதைக் கேட்டு வாங்குங்கள். அது யாருடையது, எதற்குப் பயன்பட்டது என்று அத்தையிடமோ பெரியப்பாவிடமோ கேட்டு, ஒரு சீட்டில் எழுதி அடியில் ஒட்டிவிடுங்கள். கடையில் வாங்கும் எந்தப் பொருளுக்கும் இப்படி ஒரு சீட்டு கிடைக்காது.

பரண் காலி என்றால் சின்னதாக ஒரு பித்தளைச் சாமானில் தொடங்கலாம். பித்தளை உடையாது, உளுக்காது, வாங்கிய விலைக்குப் பெரிய மோசம் வராது.

ஆன்டிக் என்றால் எவ்வளவு பழையது? விண்டேஜ் என்றால்?

கடைக்காரர்கள் இரண்டையும் கலந்துதான் சொல்வார்கள். சட்டத்துக்கு ஒரு கணக்கு உண்டு. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள், கலைச்செல்வச் சட்டத்தின்படி நூறு ஆண்டுக்குக் குறையாத சிலை, ஓவியம், கலைப்பொருள் போன்றவை தொல்பொருள். மதிப்பு வாய்ந்த கையெழுத்துப் பிரதிகளுக்கு 75 ஆண்டு போதும். அதற்கு இளையதை எல்லாம் விண்டேஜ் என்று வைத்துக்கொள்ளலாம். அலங்காரத்துக்கு வாங்குகிறவர் வயதைப் பற்றி ரொம்பக் கவலைப்பட வேண்டியதில்லை. 1950களின் டீக்கடைக் கண்ணாடி ஜாடி சுவரலமாரியில் அழகாக இருந்தால் இருக்கட்டுமே!

காரைக்குடியில் மட்டும் இவ்வளவு பழைய சாமான் எப்படிச் சேர்ந்தது?

நகரத்தார் பர்மா, இலங்கை, மலாயா என்று கடல் கடந்து வட்டித் தொழில் செய்தவர்கள். சம்பாதித்ததைக் காரைக்குடியைச் சுற்றியுள்ள செட்டிநாட்டு ஊர்களில் வீடாகக் கட்டினார்கள். பர்மாத் தேக்கில் தூண், இத்தாலிய சலவைக்கல் தரை, பெல்ஜியம் கண்ணாடி எல்லாம் வந்து இறங்கின. மகளுக்குச் சீர் கொடுக்க டஜன் டஜனாகப் பாத்திரங்கள் வாங்கிப் பூட்டி வைத்தார்கள். பல பாத்திரங்களில் அடுப்புக்கரியே பட்டதில்லை. 1942இல் ஜப்பான் படை பர்மாவுக்குள் நுழைந்ததும் பலர் போட்டது போட்டபடி ஊர் திரும்ப வேண்டியதாயிற்று. வருமானம் சுருங்கியது, குடும்பங்கள் பிரிந்து சென்னைக்கும் வெளிநாட்டுக்கும் போயின. ஒரு வீட்டுக்கு இருபது முப்பது பங்காளிகள், பராமரிக்க ஆள் இல்லை. கடைசியில் சாமான் பிரிந்து கடைக்கு வந்தது.

பழைய வீட்டை இடித்து வந்த தூண், கதவு வாங்கலாமா?

வாங்கலாமா என்பது சட்டக் கேள்வி என்றால், வீட்டுக்காரர் சம்மதத்தோடு முறையாக விற்றதைப் பில்லோடு வாங்கலாம். மனசாட்சிக் கேள்வி என்றால் கொஞ்சம் யோசிக்க வேண்டும். செட்டிநாட்டு ஊர்த் தொகுதிகள் 2014இலிருந்து யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இருக்கின்றன. தூணுக்கு நல்ல விலை கிடைக்கிறது என்பதே ஒரு வீட்டை இடிக்கக் காரணமாகிவிடக் கூடாது. அதனால் நான் கட்டடத்தின் உறுப்புகளை வாங்கச் சொல்வதில்லை. பெட்டி, பாத்திரம், படம் போதும். தரைக்கு ஆத்தங்குடிப் பூக்கல் வேண்டும் என்றால் பெயர்த்தெடுத்ததைத் தேடாதீர்கள். ஆத்தங்குடியில் இன்றும் கண்ணாடித் தகட்டின் மேல் வண்ணக் கலவை ஊற்றிக் கையால் செய்கிறார்கள், புதிதாகவே வாங்கலாம்.

ஒரு விஷயம். வாசல் நிலையில் கஜலட்சுமி செதுக்கிய பலகையைப் படுக்கப் போட்டுக் கண்ணாடி வைத்து டீப்பாய் ஆக்குவது இப்போது ஒரு மோஸ்தர். தலைக்கு மேல் இருந்ததைக் கால் படும் இடத்தில் வைத்தால், வீட்டுக்கு வரும் பாட்டி ஒன்றும் சொல்லாவிட்டாலும் அதன் மேல் காபி டம்ளரை வைக்க மாட்டார்.

அசலா, புதிதாகச் செய்து பழசாக்கியதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

முன்பக்கத்தைப் பார்க்காதீர்கள். அடியையும் முதுகையும் பாருங்கள். போலி செய்கிறவர் முகத்துக்குத்தான் உழைப்பார்.

குத்துவிளக்கை எடுத்துக்கொள்வோம். நாச்சியார்கோயில் விளக்கு பாதம், தண்டு, அகல், முகப்பு என்று தனித்தனியாக வார்த்து மரை போட்டு இணைப்பது. கடைக்காரரிடம் கேட்டுவிட்டு ஒவ்வொன்றாகத் திருகிக் கழற்றுங்கள். உள்ளே மரை கூர்மையாகப் பளபளவென்று இருந்து, வெளியே மட்டும் நூறு வருட அழுக்கு அப்பியிருந்தால் சந்தேகப்படுங்கள். உண்மையிலேயே எரிந்த விளக்கில் திரி போடும் மூக்கு சற்றே தேய்ந்து கறுத்திருக்கும், அகலின் மூலைகளில் எண்ணெய்ப் பிசுக்கு கெட்டியாகி நகத்தால் சுரண்டினாலும் வராது. பாதத்தின் விளிம்பு தரையில் உரசி வழுவழுப்பாகியிருக்கும். தேய்மானம் கை படும் இடத்தில்தான் வரும். கையே போகாத குழியில் தேய்ந்து, கைப்பிடி புத்தம் புதிதாக இருந்தால் அது பட்டறையில் ஏறிய வயசு. அமிலம் பூசிப் பச்சை ஏற்றுவது, மண்ணில் புதைத்து எடுப்பது எல்லாம் வழக்கமான வேலைதான்.

மரச் சாமானில் ஸ்க்ரூவைப் பாருங்கள். கூட்டல் குறி போட்ட ஸ்க்ரூ 1930களில்தான் சந்தைக்கே வந்தது. நூற்றைம்பது வருடப் பெட்டி என்று சொல்லி அதில் கூட்டல் குறி ஸ்க்ரூ இருந்தால், குறைந்தபட்சம் பின்னால் பழுதுபார்த்திருக்கிறார்கள். இழுப்பறையை வெளியே உருவி அடிப்பலகையைப் பாருங்கள். பிளைவுட் என்றால் பேச்சு முடிந்தது. முத்திரையும் உதவும். அடியில் செக்கோஸ்லோவாக்கியா என்று இருந்தால் 1918க்குப் பிந்தையது, ஏனென்றால் அதற்கு முன் அப்படி ஒரு நாடே இல்லை.

பித்தளைக் குழாய் பளபளக்கும் கிராமபோன்களை மட்டும் தொடவே வேண்டாம் என்பேன். சுற்றுலா ஊர்களில் விற்பவற்றில் பெரும்பாலானவை பழைய உதிரிகளோடு புதுக் குழாயும் புதுப் பெட்டியும் சேர்த்து ஒட்டியவை.

எனாமல் பாத்திரங்களுக்கு ஏன் இவ்வளவு கிராக்கி?

நிறம்தான். இரும்புத் தகட்டின் மேல் கண்ணாடிப் பூச்சை உருக்கி ஒட்டியது எனாமல், அதனால் எண்பது வருடம் ஆனாலும் அந்த நீலமும் பச்சையும் வெளுப்பதில்லை. சுவீடன், செக்கோஸ்லோவாக்கியா, ஜப்பான் முத்திரைகள் செட்டிநாட்டில் நிறையக் கிடைக்கும். தூக்கிப் பார்த்தால் நல்ல கனம் இருக்க வேண்டும். விளிம்பிலும் கைப்பிடி ஒட்டும் இடத்திலும் பூச்சு சிதறிக் கறுப்பு இரும்பு தெரிவது சகஜம். பார்ப்பதற்கு அதுவும் அழகுதான். நடுவில் விரிசல் நட்சத்திரம் போல் ஓடியிருந்தால் மட்டும் விட்டுவிடுங்கள், துரு உள்ளே போய்விட்டது.

ரவிவர்மா படம், தஞ்சாவூர் ஓவியம் வாங்கும்போது எதைக் கவனிப்பது?

ரவிவர்மா அச்சகம் 1894இல் மும்பையில் தொடங்கிப் பிறகு லோனாவ்லா பக்கம் போனது. லட்சுமியும் சரஸ்வதியும் நம் பூஜை அறைகளுக்கு வந்து சேர்ந்த வழி அதுதான். அந்தக் காலத்துக் கல்லச்சுப் படத்தை லென்ஸ் வைத்துப் பார்த்தால் புள்ளிகள் ஒழுங்கில்லாமல், மணல் தூவியதுபோல் இருக்கும். இப்போதைய அச்சில் புள்ளிகள் ஒரே அளவாக, பூ வட்டம் வட்டமாக வரிசை கட்டி நிற்கும். பத்து ரூபாய் நோட்டைப் பார்க்கிற லென்ஸே போதும். சில படங்களில் சாமியின் புடவைக்கு ஜரிகையும் ஜிகினாவும் வைத்துத் தைத்திருப்பார்கள். அது வீட்டுப் பெண்கள் செய்த அலங்காரம், பிரித்துவிடாதீர்கள்.

கண்ணாடி நேராகக் காகிதத்தில் ஒட்டாதபடி இடைவெளி விட்டுச் சட்டம் போடச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் மழைக்காலத்தில் ஈரம் ஏறி, படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். வெயில் விழும் சுவரும் குளியலறைக்கு முதுகு காட்டும் சுவரும் வேண்டாம்.

தஞ்சாவூர் ஓவியத்தைத் திருப்பிப் பாருங்கள். பழையவை பலாப்பலகை மேல் துணி ஒட்டிச் செய்தவை, புதியவை பெரும்பாலும் பிளைவுட். புதியதில் குற்றம் ஒன்றுமில்லை. தஞ்சாவூரில் நேரடியாக ஓவியரிடம் புதிதாக வாங்குவது, சந்தேகத்தோடு பழையதை வாங்குவதைவிட நிம்மதி.

பழைய சாமி சிலை வாங்கி வரவேற்பறையில் வைக்கலாமா?

வேண்டாம். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தானிலிருந்து திருடிய நடராஜரை ஆஸ்திரேலிய தேசிய கலைக்கூடம் 2008இல் சுமார் 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கியது. 2014இல் அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டி வந்தது. ஆவணங்களைச் சரிபார்க்க ஆள் வைத்திருந்த கலைக்கூடத்துக்கே இந்தக் கதி. நூறு ஆண்டு கடந்த சிலையையும் ஓவியத்தையும் வைத்திருப்பவர் தொல்லியல் துறையில் பதிவு செய்திருக்க வேண்டும், விற்பவருக்கு உரிமம் வேண்டும். 'இது ஒரு பண்ணையார் வீட்டுப் பூஜைச் சிலை சார்' என்ற வாய்வார்த்தை எதற்கும் ஆதாரம் ஆகாது. சுவாமிமலையில் ஸ்தபதியிடம் சொல்லிப் புதிதாக வார்த்துக்கொள்ளுங்கள், அதே மெழுகு வார்ப்பு முறைதான்.

பார்த்து ரசிக்க வேண்டும் என்றால் எழும்பூர் அருங்காட்சியகத்தின் செப்புத்திருமேனிக் கூடம் இருக்கிறது.

மான் கொம்பு, தந்தப் பெட்டி, புலித்தோல்?

தொடாதீர்கள். எவ்வளவு பழையதாக இருந்தாலும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் மாட்டும். தாத்தா காலத்துக் கொம்பு வீட்டில் ஏற்கெனவே இருந்தால் உரிமைச் சான்று இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் வனத்துறையையோ வக்கீலையோ கேளுங்கள், விற்க மட்டும் முயலாதீர்கள்.

வேறு குடும்பத்தின் பெயர் வெட்டிய பாத்திரம் வீட்டுக்கு ஆகுமா?

ரொம்பப் பேர் தயங்கித் தயங்கிக் கேட்கும் கேள்வி. நம் பாத்திரங்களில் கழுத்தோரம் புள்ளி புள்ளியாக உளியால் தட்டி மூன்று நான்கு தலைப்பெழுத்து, ஒரு பெயர், சில சமயம் கல்யாணத் தேதியும் வெட்டியிருப்பார்கள். கடையில் கிடக்கும் அண்டாவில் யாரோ ஒரு ஆச்சியின் பெயர் இருக்கும்.

ஆகும், ஆகாது என்பது அவரவர் நம்பிக்கை. மனம் ஒப்பாவிட்டால் வாங்காதீர்கள், தினமும் பார்த்து நெருடிக்கொண்டே இருக்கும். ஒப்பினால் வாங்கிய பின் அந்தப் பெயரை அரத்தால் ராவி எடுக்கச் சொல்லாதீர்கள். அந்தப் பாத்திரத்தில் போலியே செய்ய முடியாத பகுதி அதுதான். நான் அந்தப் பெயர் தெரியும் பக்கத்தை வெளியே திருப்பித்தான் வைப்பேன். இழவு வீட்டிலிருந்து வந்திருக்குமோ என்று பயப்படுகிறவர்கள் புளி போட்டுத் துலக்கி, மஞ்சள் நீர் தெளித்து எடுத்துக்கொள்கிறார்கள். அதில் பாத்திரத்துக்கு ஒரு கெடுதலும் இல்லை.

என்னுடையது இரண்டு படுக்கையறை ஃபிளாட். இதில் எங்கே வைப்பது?

செட்டிநாட்டு முற்றத்தை ஃபிளாட்டில் கொண்டுவர முடியாது, முயலவும் வேண்டாம். ஓர் அறைக்கு ஒரு பெரிய பழைய சாமான் போதும். வெள்ளைச் சுவரை ஒட்டி ஒரு கணக்குப்பிள்ளைப் பெட்டி, அதன் மேல் ஒரு செம்பு, மேலே ஒரு படம். அவ்வளவுதான், அப்புறம் அந்தச் சுவரைச் சும்மா விடுங்கள். கறுத்த தேக்குக்குப் பக்கத்தில் கறுத்த சோபாவும் போட்டால் அறை இருண்டுவிடும்.

சின்னச் சாமான்களை வீடு முழுக்க இறைக்காமல் ஒரே இனமாகச் சேர்த்து வையுங்கள். ஒரு தட்டில் ஆழாக்கு, உழக்கு, படி, மரக்கால் என்று அளவு வரிசையில் நின்றால், அவை ஒன்றுக்கொன்று என்ன உறவு என்று குழந்தைக்கும் புரியும். தனியாக ஜன்னலோரம் நிற்கும் உழக்கு வெறும் பித்தளைக் குவளை.

எல்லாவற்றையும்விட, வேலை கொடுங்கள். வெற்றிலைப் பெட்டியில் வண்டிச் சாவியும் சில்லறையும் போடலாம். அஞ்சறைப்பெட்டியில் ஊசி, நூல், பொத்தான். கணக்குப்பிள்ளைப் பெட்டியின் சரிந்த மூடி தரையில் உட்கார்ந்து எழுதவென்றே செய்தது, மடிக்கணினிக்கும் சரியாகவே பொருந்துகிறது. பல்லாங்குழியைச் சுவரில் ஆணி அடித்து மாட்டுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வரும், இறக்கிச் சோழி போட்டு விளையாடுங்கள். தினம் கை படும் சாமானில் தூசி அண்டாது.

வெளிச்சம் முக்கியம். வெள்ளை எல்இடி கீழே பித்தளை சாம்பல் பூத்தாற்போல் தெரியும். அட்டைப்பெட்டியில் 2,700 கெல்வின் என்று போட்ட மஞ்சள் பல்பு வாங்குங்கள்.

உருளியில் தண்ணீர் விட்டுப் பூ மிதக்கவிடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: தினமும் தண்ணீரை மாற்றி, உள்பக்கத்தைத் தேய்த்துக் கழுவுங்கள். டெங்குக் கொசுவுக்கு இதைவிட வசதியான இடம் கிடையாது. பால்கனியில் ஆட்டுக்கல், கல்தொட்டி வைப்பவர்களும் ஒரு கணக்குப் போடுங்கள். ஒரு கன அடி கருங்கல் சுமார் 75 கிலோ.

பித்தளையை எப்படித் துலக்குவது?

தினம் புழங்கும் பாத்திரத்துக்குப் புளியும் உப்பும்தான். தேய்த்த பின் புளிப்பு கொஞ்சமும் தங்காமல் அலசி உடனே துடைக்க வேண்டும், இல்லாவிட்டால் மறுநாளே களிம்பு ஏறும். நுண்ணிய வேலைப்பாடு உள்ள பழைய பாவை விளக்கு, சிமிழ் போன்றவற்றுக்குப் புளி வேண்டாம், மெல்லிய சோப்பு நீரும் பழைய பல் துலக்கியும் போதும். அந்தப் பழுப்பு நிறம் ஏற எத்தனையோ வருடம் ஆகியிருக்கும், கடையில் பஃப் மெஷினில் கொடுத்தால் பத்து நிமிடத்தில் போய்விடும். கூடவே செதுக்கலின் மூக்கும் முழியும் மழுங்கும். கறுப்பு உலோகத்தில் வெள்ளி பதித்த பிதர் வேலைச் சாமானுக்குப் பாலிஷே கூடாது, அதன் கறுப்புதான் அதன் அழகு.

துடைக்கத் துடைக்க வெளிர்பச்சைப் பொடி திரும்பத் திரும்ப வந்தால் அது சாதாரணக் களிம்பு அல்ல, உப்பு உலோகத்தை அரிக்கிறது. மற்றவற்றிலிருந்து பிரித்து ஈரமில்லாத இடத்தில் வையுங்கள். கடற்கரையோர வீடுகளில் இது அதிகம்.

மரப்பெட்டியில் ஓட்டை ஓட்டையாக இருக்கிறது. உளுத்துவிட்டதா?

ஓட்டை பழசாகவும் இருக்கலாம். பெட்டிக்கு அடியில் கறுப்புக் காகிதம் விரித்து ஒரு வாரம் விடுங்கள். மாவு போலப் பொடி விழுந்தால் வண்டு உள்ளே உயிரோடு இருக்கிறது. உடனே மற்ற மரச் சாமானிலிருந்து தள்ளி வைத்துப் பூச்சி மருந்து அடிப்பவரைக் கூப்பிடுங்கள். கைக்குள் அடங்கும் மரப்பாச்சி, சிமிழ் என்றால் பிளாஸ்டிக் உறையில் காற்றுப் புகாமல் சுற்றி, ஃப்ரீசரில் இரண்டு வாரம் வைத்தால் போதும். வெளியே எடுத்ததும் உறையைப் பிரிக்காமல் ஒரு நாள் விடுங்கள், உடனே பிரித்தால் பொருள் வேர்த்து ஈரமாகும்.

மெருகுக்குத் தேங்காய் எண்ணெய் தடவாதீர்கள். சிக்கு நாற்றம் அடித்துத் தூசியை இழுக்கும். தேன்மெழுகுப் பாலிஷ் நல்லது.

பழைய பாத்திரத்தில் சமைக்கலாமா?

ஈயம் பூசாத பித்தளையில் புளிக்குழம்பு, மோர், ஊறுகாய் கூடாது. பூசுவதாக இருந்தால் சுத்தமான வெள்ளீயமா என்று கேட்டுப் பூசுங்கள், காரீயம் கலந்தால் விஷம். பூச்சு உடைந்த எனாமல் கிண்ணமும் வண்ணம் தீட்டிய பழைய பீங்கானும் பார்ப்பதற்கு மட்டும்.

பழைய கடிகாரம், தொங்கு விளக்கு?

விளக்கின் பழைய ஒயரை முழுவதும் உருவிவிட்டுப் புதிதாகப் போடச் சொல்லுங்கள். உலோக விளக்கு என்றால் எர்த் கட்டாயம். இருட்டில் எண்கள் ஒளிரும் பழைய அலாரம் கடிகாரங்களில் ரேடியம் பூச்சு இருக்கலாம். ஒளி அணைந்துவிட்டாலும் ரேடியம் அணையாது, அதன் பாதி குறையவே 1,600 ஆண்டு ஆகும். கண்ணாடியைக் கழற்றாதீர்கள், முள்ளைச் சுரண்டாதீர்கள், குழந்தையிடம் கொடுக்காதீர்கள்.

விலை பேசுவது எப்படி?

பித்தளை, செம்பு என்றால் முதலில் எடை போடச் சொல்லுங்கள். அன்றைய பழைய பித்தளை விலையை எடையால் பெருக்கினால் தரைவிலை தெரிந்துவிடும். அதற்கு மேல் கேட்பது வேலைப்பாட்டுக்கும் வயதுக்கும் கடை வாடகைக்கும். அந்தக் கூடுதல் தொகை நியாயமா என்று அப்போது யோசிக்கலாம். ஒரே கடையில் மூன்று நான்கு சாமான் சேர்த்து எடுத்தால் இறங்கி வருவார்கள். முதலீடு என்று நினைத்து வாங்காதீர்கள். விற்கப் போகும்போது அதே கடைக்காரர் மறுபடியும் எடைதான் போடுவார்.

வெளிநாட்டில் இருக்கிறேன். ஊரில் வாங்கியதைக் கொண்டுபோகலாமா?

நூறு ஆண்டு கடந்த தொல்பொருளைத் தனியார் யாரும் இந்தியாவுக்கு வெளியே எடுத்துப் போகக் கூடாது, சொந்தப் பாட்டியின் பொருளாக இருந்தாலும் சரி. அதற்கு இளையது என்றால் (கையெழுத்துப் பிரதிக்கு 75 ஆண்டுக் கணக்கு என்பது நினைவிருக்கட்டும்) பொதுவாகத் தடையில்லை. ஆனால் பழசு போலத் தெரியும் சிலை, ஓவியம், செதுக்கல் எதையும் விமான நிலையத்தில் நிறுத்திக் கேட்பார்கள். தொல்லியல் துறை அலுவலகத்தில் பொருளைக் காட்டி, அது தொல்பொருள் அல்ல என்ற சான்று முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். சுவாமிமலையில் போன மாதம் வார்த்த சிலைக்கும் இது பொருந்தும், பில்லும் கையோடு இருக்கட்டும். கடைசி வாரத்தில் போய் நின்றால் கிடைக்காது, ஊருக்கு வந்த முதல் வாரமே வாங்குவதை வாங்கி இந்த வேலையைத் தொடங்குங்கள்.